கல்லின் வயதில் கலந்த குங்குமம்

பிள்ளையார் சுழி போட்டு, சிவமயம் என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு வரிகூட எழுதாமல் மூடிவைத்த நோட்டுகள் எங்கள் வீட்டில் மூன்று இருக்கின்றன. மூன்றும் இதை எழுதுவதற்காக வாங்கியவை. நான் எட்டாவது வரை படித்தவன். அதனால்தான் இத்தனை வருஷம் தயங்கினேன் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. இதை எழுதினால் நான் சொன்ன ஒரு பொய்யையும் எழுத வேண்டும். அதை நினைக்கும்போதெல்லாம் பேனாவை மூடிவிடுவேன்.

போன ஆவணியில் வந்தவாசிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னை யாரென்று தெரியாமல் பேசிக்கொண்டே சாப்பிட்டார். ஆரணியில் ஒரு படித்த அம்மா இருக்கிறாளாம். கல்லுக்கு வயது பார்க்கிறவளாம். வீட்டில் ஆயுத பூஜை செய்யக் கூடாது என்று தடுத்தாளாம். அந்தக் கோபத்தில் கல்லே அவளிடம் பொய் சொல்லிவிட்டதாம். "சாமி சும்மா வுடுமா?" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

அந்த அம்மா என் மனைவி. அவள் எதையும் தடுக்கவில்லை. கல்லும் பொய் சொல்லவில்லை. சொன்னவன் நான். இலையை மடித்துவிட்டு எழுந்து வந்தேன். நான்காவது நோட்டு வாங்க மனம் வரவில்லை. பழைய நோட்டிலேயே எழுதுகிறேன்.

என் மனைவி எனக்கு அத்தை மகள். அவளுடைய அப்பா போளூரில் பள்ளிக்கூட வாத்தியார். அவர் அவளைச் சென்னைக்கு அனுப்பி நிலவியல் படிக்க வைத்தார். நான் ஆரணியில் பட்டுத்தறி நெய்துகொண்டிருந்தேன். சின்ன வயதிலேயே பெரியவர்கள் எங்கள் இருவரையும் பேசி வைத்திருந்தார்கள். ஆனால் அவள் படிக்கப் படிக்க, அந்தப் பேச்சை எடுக்க எல்லாருக்கும் கூச்சமாகிவிட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அவளே எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தறிமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, நான் வேலய வுடமாட்டேன். பாதி நாள் மெட்ராஸ்ல இருப்பேன், பாதி நாள் மலமேல கெடப்பேன். ஒத்துக்கினா சொல்லு. இல்லன்னா இப்பவே வேற பொண்ண பாத்துக்கோ."

"கல்லு பொறுக்கப் போறப்ப என்னையும் கூட்டிகினு போவியா?" என்று கேட்டேன்.

"மூட்ட தூக்க ஆள் வேணும். வா."

அவ்வளவுதான் எங்கள் நிச்சயதார்த்தம். தாம்பூலம் மாற்றியதெல்லாம் பிறகு நடந்தது.

அவள் வேலை என்னவென்று எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். பாறைக்குள் சிர்கான் என்று ஒரு வகைத் துகள் இருக்கிறது. கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. பாறை உருகி இறுகும்போது அந்தத் துகள் பிறக்கிறது. பிறக்கும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்த்துக்கொள்ளாது. உள்ளே போன யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். எந்த வேகத்தில் மாறும் என்பது படித்தவர்களுக்குத் தெரியும். அதனால் துகளுக்குள் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், அந்தப் பாறை பிறந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். அவள் இதைச் சொன்ன அன்று நான் நெய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். கேட்டு முடித்ததும் கை தானாகக் கும்பிட்டது.

ஊரில் எல்லாரும் என்னைப் போலக் கும்பிடவில்லை. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் தினமும் ஒரு வார்த்தையாவது போடாமல் இருக்கமாட்டார்.

"இன்னாபா, உன் வூட்டம்மா கல்லுக்கெல்லாம் ஜாதகம் எழுதறாங்களாமே. என் தறிக்கும் ஒண்ணு எழுதச் சொல்லு. சனி எப்ப வுடும்னு பாக்கலாம்."

என் அம்மா ஒருபடி மேலே போவாள். "வயசு தெரிஞ்சி இன்னாடி பண்ணப் போற? கல்லுக்குக் கண்ணாலம் பண்ணி வைக்கப் போறியா?"

"ஆமா அத்த, நல்ல எடமா இருந்தா சொல்லுங்க" என்பாள் என் மனைவி.

அவள் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தாள். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்த பிறகு, பாதி வேலையை ஆரணியிலேயே செய்துகொள்ள அனுமதி வாங்கினாள். பின்கட்டில் பாவு நூல் வைக்கிற அறை ஒன்று இருந்தது. அதைக் காலிசெய்து, மூன்று முறை கழுவி, சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தேன். அங்கே ஒரு இரும்பு உரல், சல்லடைகள், ஒரு காந்தம், ஒரு நுண்ணோக்கி, மயிரிழை போன்ற தூரிகை ஒன்று, திருகுமூடி போட்ட சின்னக் கண்ணாடிச் சீசாக்கள், இவ்வளவுதான் சாமான். கல்லை இடித்து, சலித்து, நீரில் அலசி, சென்னைக்குக் கொண்டுபோய் மருந்தில் போட்டுக் கனமான துகளைப் பிரித்துக்கொண்டு வருவாள். பிறகு நுண்ணோக்கியில் கண்வைத்து, தூரிகை நுனியால் சிர்கானை மட்டும் ஒவ்வொன்றாகத் தொட்டெடுத்துச் சீசாவில் போடுவாள். ஒரு நாள் முழுக்கக் குனிந்திருந்தால் சீசாவின் அடியில் ஒரு தூசி அளவு சேரும். அதற்கு முன் கை கழுவி, வளையலைக் கழற்றி, நெற்றிக் குங்குமத்தைத் துடைத்துவிட்டு ஒட்டுப்பொட்டு வைத்துக்கொண்டுதான் உள்ளே போவாள்.

"பூஜ சாமான் எதுவும் இந்த ரூமுக்குள்ள வேணாம் மாமா. மஞ்சள், குங்குமம், விபூதி எதுவுமே. தூள் பட்டா ஆவாது" என்று முதல் நாளே சொன்னாள். சரி என்றேன்.

ஒருமுறை என்னையும் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னாள். முதலில் என் இமைதான் தெரிந்தது. பிறகு இமை விலகி ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்துக்குள் தேன் நிறத்தில், இரண்டு பக்கமும் கூர்வைத்த சின்னச் சின்னத் தூண்கள் கிடந்தன. கோயில் மண்டபம் ஒன்று இடிந்து தண்ணீருக்குள் கிடப்பதுபோல இருந்தது. நான் மூச்சுவிட்டதும் எல்லாத் தூண்களும் ஒருமுறை நடுங்கி அடங்கின. "மூச்ச அடக்கு மாமா, பறந்துடப் போவுது" என்று அவள் என் முதுகில் அடித்தாள். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. தலையைத் தூக்கியபோது வெயில் சுவரில் வேறு இடத்துக்குப் போயிருந்தது.

அதன்பிறகு தறியில் உட்கார்ந்தால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நாடா குறுக்கே ஒருமுறை ஓடி ஓர் ஊடை இழை விழுந்தால் ஒரு வருஷம் என்று நினைத்துக்கொள்வேன். இந்த ஊடையில் நான் பிறந்தேன், இந்த ஊடையில் அப்பா பிறந்தார், இன்னும் கொஞ்சம் போனால் ஆரணிக் கோட்டை இல்லை, அதற்கு முன்னால் ஆறுகூட இந்தப் பக்கம் ஓடியிருக்காது என்று போய்க்கொண்டே இருப்பேன். கை நெய்யும், கண் திறந்திருக்கும், ஆனால் நான் அங்கே இருக்கமாட்டேன். மனிதரே இல்லாத, மரமே இல்லாத, மழைமட்டும் பெய்கிற ஒரு தரையில் தறிமட்டும் தனியாக ஆடிக்கொண்டிருப்பதுபோல இருக்கும். அம்மா கூப்பிட்டால்தான் திரும்பி வருவேன். அது பயமாக இல்லை. கருவறையில் தீபம் காட்டும்முன் ஒரு நிமிஷம் இருட்டாக இருக்குமே, அந்த மாதிரி இருக்கும்.

நான் சொல்ல வந்த கல் ஜவ்வாது மலையில் எடுத்தது. மார்கழி முடிந்த ஒரு காலையில், போளூரில் பஸ் மாறி மலைமேல் போனோம். ரோடு அகலப்படுத்த வெடிவைத்துப் பிளந்த பாறை ஒன்று வளைவில் இருந்தது. வெயில் மழை படாத உள்கல்தான் அவளுக்கு வேண்டும். மூடுபனி ரோட்டின் குறுக்கே பஞ்சுபோல நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் பேசியது எங்களுக்கே தூரத்தில் கேட்டது. அவள் பாறையருகே குனிந்து நாக்கை நீட்டி அதை நக்கினாள்.

"அடியேய், இன்னா பண்ற?"

"ஈரம் பட்டாத்தான் மாமா நெறம் தெரியும். நீயும் பாரு."

ஈரம் பட்ட இடத்தில் கல் பச்சை கலந்த கருப்பாக, அபிஷேகம் முடிந்த சாமி சிலைபோல மின்னியது. எனக்கு அதை நக்க மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையும் கூப்பி நின்றேன். உன்னை உடைக்கப் போகிறோம், பொறுத்துக்கொள் என்று மனதுக்குள் சொன்னேன். அவள் சுத்தியலை ஓங்கியவள் அப்படியே நிறுத்திவிட்டாள். நான் கண்திறக்கும்வரை ஓங்கிய கையோடு நின்றிருந்தாள். "ஆச்சா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றேன். பிறகுதான் அடித்தாள். கோயில் மணிபோல ஒரு சத்தம் எழும்பிப் பனிக்குள் போனது. அவள் சாமிக்கு விரோதி என்று சொல்கிறவர்களுக்கு, ஓங்கிய அந்தக் கையைத்தான் நான் சாட்சியாகச் சொல்வேன்.

அந்தக் கல்லிலிருந்து துகள் எடுக்க அவளுக்கு எட்டு மாதம் ஆயிற்று. மூன்று சீசாக்கள் சேர்ந்தன. துகளைக் கரைத்து ஈயத்தை அளக்கும் மிஷின் வடக்கே ஒரு பெரிய நிலையத்தில் இருந்தது. அங்கே நாள் கேட்டு வாங்குவதே பெரிய பாடு. அந்த நாளும் கிடைத்துவிட்டது. அது விஷயமாகப் பேச அவள் குழந்தையையும் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போன மூன்று நாளில்தான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஆயுத பூஜை என்றால் என்ன என்று ஆரணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தறி, அச்சு, நாடா, ராட்டை, கத்தரிக்கோல், சைக்கிள், மிக்ஸி வரைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. அம்மா பின்கட்டுப் பக்கம் பார்த்தாள்.

"வேல செய்ற சாமான் ஒண்ண வுட்டாலும் வூட்டுக்கு ஆவாது. அவ ரூம் மட்டும் மூளியா கெடக்குது பாரு."

"வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காம்மா."

"அவ சொல்லுவா. சோறு போடற சாமானுக்கு ஒரு பொட்டு வைக்கக் கூடாதா?"

அம்மா சொன்னதால் வைத்தேன் என்று எழுதலாம். ஆனால் அது சரியில்லை. எனக்கே ஆசையாக இருந்தது. எட்டு மாதம் அவள் குனிந்த முதுகைப் பார்த்தவன் நான். அந்த உழைப்புக்கு ஒரு ஆசீர்வாதம் வேண்டாமா என்று தோன்றியது. தூள்தானே ஆகாது என்றாள், தூளாக வைத்தால்தானே பறக்கும், சந்தனத்தில் குழைத்து ஈரமாக வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு நானே ஒரு புத்தி சொல்லிக்கொண்டேன். கடைத்தெருவில் வாங்கிய பளீர் சிவப்புக் குங்குமம். உரலுக்கு, சல்லடை விளிம்புக்கு, காந்தத்துக்கு, நுண்ணோக்கியின் காலுக்கு, கடைசியில் மூன்று சீசாக்களின் மூடிக்கும் வைத்தேன். சூடம் காட்டி, அவள் கை சுத்தமாக இருக்கட்டும், இந்தக் கல் உண்மையைச் சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு நிறைவாக இருந்தது.

அவள் வருவதற்கு முந்தின நாள், அவள் பார்த்தால் கோபிப்பாளே என்று எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தேன். சீசா மூடியின் வரிகளுக்குள் சந்தனமும் குங்குமமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தன. ஈர்க்குச்சியால் சுரண்டினேன். போகவில்லை. மூடியைத் திருகித் திறந்து, உள்விளிம்பைத் துடைத்து, மறுபடி மூடினேன். இனிமேல் யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாகக் குளிக்கப் போனேன்.

நான்கு மாதம் கழித்து முடிவு வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் சென்னையிலிருந்து வந்து, பையைக் கீழே வைக்காமல் தறிப்பக்கம் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"மூணு சீசாவும் கெட்டுப்போச்சாம் மாமா. வெளி ஈயம் கலந்திருக்குதாம்."

துகளுக்குள் பிறந்த ஈயத்துக்கு ஒரு ஜாடை, வெளியிலிருந்து வந்த ஈயத்துக்கு வேறு ஜாடை இருக்கும், மிஷின் அதைப் பிரித்துக் காட்டிவிடும் என்று சொன்னாள். பழைய கல் என்பதால் துகளில் நிறைய வெடிப்பு. வெடிப்புக்குள் புகுந்தது கழுவியும் போகவில்லை. அவளுக்கு மேலே இருந்த பெரியவர், "வீட்ல கொழந்த குட்டியோட உக்காந்து செய்ற வேல இல்லம்மா இது" என்று சொல்லிவிட்டார். ஈயம் எங்கிருந்து வந்தது என்று அவள் இரண்டு மாதத்துக்குள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த மலை வேறு ஒருவர் கைக்குப் போகும். அவள் உட்கார்ந்த இடத்தில் வரைபடம் அடுக்குகிற வேலைக்கு மாற்றப்படுவாள். இந்தத் தொழிலில் கை சுத்தம் இல்லாதவள் என்று ஒருமுறை பேர் வந்தால், பிறகு யாரும் துகளைத் தொடவிடமாட்டார்களாம்.

அவள் தேட ஆரம்பித்தாள். கிணற்று நீர், குழாய் நீர், சுவர்ச் சுண்ணாம்பு, ஜன்னல் பெயிண்ட் என்று ஒவ்வொன்றையும் சின்ன டப்பாவில் எடுத்தாள். ரோட்டில் போகிற பஸ் புகையில்கூட ஈயம் உண்டு என்று துணியை நனைத்து மாடியில் கட்டினாள். கண்ணாடி வளையல்களை எல்லாம் கழற்றி டப்பாவில் போட்டபோது, "வெறுங்கையா நிக்காதடி" என்று அம்மா அழுதேவிட்டாள். அந்த நேரத்தில்தான் அவள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"நான் இல்லாதப்ப இந்த ரூமுக்குள்ள யாராச்சும் வந்தாங்களா மாமா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தறியைப் பார்த்தேன்.

"யாரும் வரல."

நான் சொன்ன பொய் இதுதான். இரண்டு வார்த்தை. இதை எழுதத்தான் மூன்று நோட்டு ஆயிற்று.

இரண்டு நாள் கழித்து, சும்மா கேட்பதுபோல, "குங்குமத்துல ஈயம் இருக்குமா?" என்று கேட்டேன்.

"சிலதுல இருக்கும். செவப்பு தூக்கலா தெரிய ஈயச் செந்தூரம் கலந்துடுவாங்க. ஏன் மாமா?"

"சும்மாதான்."

"அதான் நம்ம ரூமுக்குள்ள வர்றதே இல்லியே" என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழியப் போய்விட்டாள். என்மேல் அவளுக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஒன்றரை மாதம் அப்படியே போயிற்று. எனக்குத் தறியில் இழை அறுந்துகொண்டே இருந்தது. எத்தனை ஊடை ஓட்டினாலும் பழைய காலத்துக்குப் போக முடியவில்லை. எல்லா ஊடையும் அந்த ஆயுத பூஜை நாளிலேயே போய் நின்றது. அம்மன் கோயிலில் ஐயர் குங்குமம் கொடுத்தபோது கையை நீட்டினேன். உள்ளங்கையில் அந்தச் சிவப்பு விழுந்ததும் எனக்கு நெற்றிக்குக் கொண்டுபோக வரவில்லை. மூடிய கையோடு கமண்டல நாகநதிக் கரை வரைக்கும் நடந்து போனேன். ஆற்றில் மணல்தான் இருந்தது. மணலைப் பார்த்ததும் இதில் எத்தனை சிர்கான் இருக்கும், எந்தெந்த மலையிலிருந்து எந்தக் காலத்தில் வந்திருக்கும் என்று மனம் தானாக நினைத்தது. அவ்வளவு மணலும் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அம்மனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் கோயிலுக்குப் போயிருந்தேன். ஆனால் அம்மனுக்கு நான் என்ன குறை வைத்தேன்? குறை வைத்தது வீட்டில் இருக்கிறவளுக்கு.

அடுத்த திங்கட்கிழமை அவள் சென்னைக்குக் கிளம்பினாள். கெடு முடிய இன்னும் நாள் இருந்தது. ஆனாலும், "தேடற எடம் எல்லாம் முடிஞ்சிபோச்சு மாமா. என் கைதான் அழுக்குன்னு சொல்லிட்டு மலைய குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரை விடப் போனேன். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்கு மாமா, வண்டி எடுக்கறான்."

"நானும் வரேன்."

"எதுக்கு?"

பஸ் செய்யாறு தாண்டியது. இரண்டு பக்கமும் வயல், பனைமரம், காலை வெயில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். பொட்டு வைத்ததைச் சொன்னேன், துடைத்ததைச் சொன்னேன், மூடியைத் திறந்ததைச் சொன்னேன், யாரும் வரவில்லை என்றது பொய் என்று சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தாள்.

"எந்தக் குங்குமம்?"

"கடத்தெருவுல வாங்கினது."

"மிச்சம் இருக்குதா?"

"சிமிழ்ல இருக்குது."

"மூடிமேல வச்சீங்களா, கழுத்துலயா? தொடச்சது எந்தத் துணி? மூணையும் தொறந்தீங்களா?"

ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். பஸ் குலுங்கியதில் எழுத்து கோணலாகப் போயிற்று. அம்மா எதிரில் என்னை வாங்க போங்க என்பாள், தனியாக இருந்தால் வா போ என்பாள். அன்றைக்குத் தனியாக இருந்தும் வாங்க போங்க என்றாள். நோட்டை மூடியபிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காஞ்சிபுரத்தில்தான் என் பக்கம் திரும்பினாள்.

"குங்குமம் வச்சதுக்கு எனக்குக் கோவம் இல்ல. தெரியாம செஞ்சீங்க. ஒண்ணர மாசமா என் கைய நானே அருவருத்துகினு இருந்தேனே. கொழந்தக்கி சோறு ஊட்டறப்பகூட இந்தக் கைலதான் ஏதோ அழுக்குன்னு தோணிச்சி. அத பாத்துகினே இருந்தீங்களே."

இறங்கும்போது அவளுடைய மஞ்சப்பையை நான் வாங்கிக்கொண்டேன்.

பெரியவரின் அறையில் நான் வாசலருகே நின்றேன். நெற்றியில் விபூதி, வேட்டி, கையில் மஞ்சப்பை. அவள் நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்கதான் வச்சீங்களா?"

"ஆமாங்க."

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"கல்லு உண்மையச் சொல்லணும்னுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்தபோது அவர் முகத்தில் கேலி இல்லை. "குங்குமத்தக் கொண்டாங்க. பாத்துடுவோம்" என்றார்.

அடுத்த வாரம் நானே வீட்டுச் சிமிழை எடுத்துக்கொண்டு போனேன். அதுவும் வடக்கே போய் மிஷினில் ஏறியது. சீசாவில் இருந்த வெளி ஈயத்துக்கும் சிமிழில் இருந்த ஈயத்துக்கும் ஒரே ஜாடை என்று எழுதி வந்தது. அந்த ஒரு தாளால் அவள் கை சுத்தமாயிற்று.

ஆனால் அத்தோடு முடியவில்லை. அறிக்கையில் என்ன எழுதுவது என்று பேச்சு வந்தது. அப்போதும் நான் கூட இருந்தேன். பெரியவர், "வெளிக்கலப்புன்னு ஒரு வார்த்த போதும்மா. குங்குமம், பூஜைன்னு எழுதினா படிக்கிறவன் சிரிப்பான்" என்றார்.

"நடந்தது நடந்தபடியே இருக்கட்டும் சார். நாளைக்கு இன்னொருத்தி வீட்டுல உக்காந்து இதே வேல செஞ்சா அவளுக்கு உதவும்" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "இவரு சம்மதிச்சா எழுதறேன்."

"எழுதும்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்த்து நேராகச் சொல்ல முடிந்த முதல் வார்த்தை எனக்கு அதுதான். அந்த அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. ஆயுத பூஜைக்காக மூடியில் வைக்கப்பட்ட குங்குமம் என்று ஆங்கிலத்தில் இருக்கிறதாம். என் பெயர் இல்லை, ஆனால் அது நான்தான்.

மறுபடி மலைக்குப் போனோம். மறுபடி கல் சுமந்தேன். இந்த முறை இடிப்பதற்கு முன் அவளே என் கையைப் பிடித்து, நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டாள். துடைத்துவிட்டு, "போ மாமா, போய் உரல எடு" என்றாள். அந்த 'போ'வைக் கேட்டு எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

ஒரு வருஷத்துக்குப் பிறகு வயது வந்தது. இருநூற்றைம்பது கோடி ஆண்டை ஒட்டி வருகிறது என்றாள். அவள் சொன்ன நேரம் சாயங்காலம். பாவு பிடித்துக்கொண்டு தெருவில் நின்றிருந்தோம். அந்த முனையில் அவள், இந்த முனையில் நான், நடுவில் அவ்வளவு நீளத்துக்குப் பட்டு இழை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அவள் அங்கிருந்து கத்திச் சொன்னாள். எனக்கு இங்கே மெல்லக் கேட்டது. அந்த எண்ணை மனதில் வாங்கிக்கொள்ள முடியவில்லை. தெரு, பாவு, ஆட்கள், குழந்தை எல்லாம் ஒரு நிமிஷம் பனிக்குள் போனதுபோலப் போய்த் திரும்பி வந்தன. பாவு தொய்ந்துவிட்டது என்று எல்லாரும் சத்தம் போட்டார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்தான் கேட்டார். "இன்னாபா, கல்லுக்கு வயசு வந்துடிச்சா? சடங்கு எப்போ?"

இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு அவள் எத்தனையோ மலைகளுக்குப் போய்வந்தாள். பெயர் தெரியாத ஊர்களிலிருந்து அவளுக்குக் கல் வந்தது. துகளைச் சுத்தமாக எடுக்க வேண்டுமென்றால் ஆரணி அம்மாவிடம் அனுப்பு என்று சொல்வார்களாம். அந்த அறிக்கையின் வரியைப் படித்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை என்றும், அதைப் படித்த பிறகுதான் அவளை நம்பினார்கள் என்றும் பெரியவர் ஓய்வு பெறும்போது என்னிடம் சொன்னார். நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம். அந்தப் பொய்யை அவள் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் அந்த ஒன்றரை மாதம் எங்கள் வாழ்க்கையில் இருக்கிறது. நுண்ணோக்கி வைத்துப் பார்த்தால் தெரியும்.

இதை எழுதி முடித்ததும் அவளிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள். ஒன்று, எட்டு மாதம் என்பதை நான் ஆறு மாதம் என்று எழுதியிருந்தேன். இன்னொன்று, என் பொய்யைக் கொஞ்சம் மழுப்பி எழுதியிருந்தேன். "நேரா எழுது மாமா" என்றாள். எழுதிவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலோ, பஸ்ஸிலோ, கல்யாணப் பந்தியிலோ பேச்சு வந்தால் அடுத்தவருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது சாமி கோபித்ததாகச் சேர்க்காதீர்கள். அவள் பூஜையைத் தடுத்ததாகச் சேர்க்காதீர்கள். நான் பக்தியில் செய்தேன் என்று எனக்காக இரக்கப்பட்டு, அந்த "யாரும் வரல"வை விட்டுவிடவும் வேண்டாம். எங்கள் வீட்டில் நடந்ததற்கு ஒரு சொல் கூடுதலாகவோ குறைவாகவோ இல்லாமல் அது ஊரைச் சுற்றி வந்தால், அவளுக்கு நான் பட்ட கடனில் கொஞ்சமாவது தீரும்.